கோசியின் தொட்டிக்குள் மணல் கூடாது

குருமான்
வியாழக்கிழமை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணன் ஒலெபிலே அவர்களுக்கு, தங்கை கெடிபோனே வணங்கி எழுதுவது.

நாங்கள் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். தாங்களும் அங்கே எழுந்து நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியும் எழுந்து நடமாடுகிறார்களா? நம் மாடுகளை என் வீட்டுக்காரர் மொடிசே போன வாரம் போய்ப் பார்த்துவந்தார், அவையும் எழுந்து நடமாடுகின்றன. மழை இன்னும் இல்லை, வந்தால் எழுதுகிறேன். கோசி மட்டும்தான் எழுந்து நடமாடவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

மரியாதை இத்தோடு போதும் அண்ணா. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், தாங்கள் என்று போட்டுத் திட்ட எனக்கு வரவில்லை. ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஃபோனில் பல்லி என்று நான் ஆரம்பித்தாலே நீ சிரிக்கிறாய், சிரித்து முடித்ததும் "சிக்னல் போகுதும்மா" என்கிறாய். குரலைப் பதிந்து அனுப்பினாலோ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டு, நான் சுண்டெலி மாதிரிப் பேசுவதாக அண்ணிக்குப் போட்டுக் காட்டுகிறாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. நாளைக் காலையில் பிரிட்டோரியா போகும் ஷேர் டாக்சி ஓட்டுநர் வாசலுக்கே வந்து இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உன் கையிலேயே கொடுக்க வேண்டும், நீ கடைசி வரி வரை படிப்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போனோலோவின் பிறந்தநாளன்று நீ கண்ணாடித் தொட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறங்கினாயே, அப்போதே நான் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். எப்படிச் சாத்துவது? பிள்ளைக்குத் தாய்மாமன் நீ. அவளுடைய முதல் முடியை எடுத்தவன் நீ, நாளைக்கு அவள் கல்யாணத்தில் மாமன் பங்காக மாட்டுத் தலையை வாங்கிக்கொள்ளப்போகிறவனும் நீ. மாமன் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல அவளைப் பெற்ற எனக்கே உரிமை இல்லை. மொடிசே அன்றைக்கே ஒதுங்கிக்கொண்டார். "இது உங்க அண்ணன் குடுத்தது. நான் வாயத் தொறந்தா உங்க வீட்டு ஆளுங்க என்னைக் கூப்பிட்டு உக்காரவெச்சு விசாரிப்பாங்க. எனக்கெதுக்கு வம்பு" என்றார். நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி தெளித்த சிறுத்தைப் பல்லி ஒன்று தலையைச் சாய்த்து, வீடு பார்க்க வந்த வாடகைக்காரர் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தது. போனோலோ அந்த இடத்திலேயே அதற்கு கோசி என்று பேர் வைத்துவிட்டாள். ஊர்த்தலைவர் என்று பேர் வைத்த பிறகு அது இது என்று பேசக்கூடாதாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோசி வருகிறார், கோசி உட்காருகிறார், கோசி தோலை உரித்துத் தாமே சாப்பிடுகிறார்.

தொட்டியோடு ஒரு பை நீல மணலும் தந்தாய். பையின் மேல் "விழுங்கினாலும் பாதுகாப்பானது" என்று அச்சடித்திருந்தது. விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது என்று ஒரு பையில் எழுதியிருந்தால், யாரோ விழுங்கி ஏதோ ஆகியிருக்கிறது என்றுதான் பிள்ளை பெற்றவள் எடுத்துக்கொள்வாள். இருந்தாலும் மாமன் தந்த மணல், பரப்பினேன். சுவர்க்கோழிப் பூச்சியை உள்ளே விட்டதும் கோசி வால் நுனியைச் சிலுப்பிப் பாய்ந்து, பூச்சியோடு ஒரு வாய் மணலையும் சேர்த்துக் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மறுநாள் அவர் போட்டது நீலமாக இருந்தது. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நான் படித்த படிப்பு கணக்குப் படிப்பு, பல்லிப் படிப்பு இல்லை, ஆனாலும் படித்தேன். மணல் குடலில் போய் அடைத்துக்கொள்ளும், பல்லி செத்தே போகும் என்று ஒரு கட்சி. நல்ல சூடும் சத்தும் கொடுத்து வளர்க்கிற பல்லிக்கு மணல் ஒன்றும் செய்யாது என்று இன்னொரு கட்சி. தேர்தல் கூட்டத்தில்கூட அப்படித் திட்டிக்கொள்ள மாட்டார்கள். போனோலோ தவழ்ந்த காலத்தில் சட்டைப் பட்டன் விஷயத்தில் நான் எடுத்த முடிவையே இங்கேயும் எடுத்தேன். சந்தேகம் வந்துவிட்டதா, தரையிலிருந்து எடுத்துவிடு. எடுத்துவிட்டு உனக்கு ஃபோன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "பாலைவனத்துப் பிராணிதானேம்மா, வேற மணல் போடு." அதோடு விட்டாயா, அடுத்த டாக்சியில் வால்நட் ஓட்டைப் பொடித்த தூள் ஒரு பை வந்து இறங்கியது. அதைக் கையில் அள்ளிப் பார்த்தேன், உள்ளங்கையில் குத்தியது. என் கையிலேயே குத்துவது அவர் குடலில் என்ன செய்யும் என்று நீ யோசிக்கவே இல்லை.

நீ வால்நட் அனுப்பினாய் என்றதும் மொடிசேக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊரே மணலு. வீட்டைச் சுத்தி மணலு, பூட்ஸுக்குள்ள மணலு, களியில மணலு. குருமான்ல இருந்துக்கிட்டு மணலை டாக்சியில வரவழைக்கிற குடும்பம் நம்ம குடும்பம் ஒண்ணுதான்" என்று சொல்லி, நான் சமையலறையில் இருந்த நேரத்தில் கொல்லைப்புறத்துச் சிவப்பு மணலை ஒரு கைவண்டி நிறையத் தள்ளிக்கொண்டு வந்து தொட்டிக்குள் கொட்டிவிட்டார். மணலோடு ஓர் எறும்புக் குடும்பமும் வந்திருந்தது. கோசி தம் குகையின் உச்சியில் ஏறி நின்று ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார். போனோலோ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டிப் போய்விட்டது.

இந்தக் கட்டத்தில்தான் என் நாத்தனார் ஒனாலென்னா உள்ளே வந்தாள். அவள் சவ அடக்கம் செய்துகொடுக்கும் இடத்தில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். குழியைச் சுற்றி மண் தெரியாமலிருக்க விரிப்பார்களே பச்சைப் புல் பாய், அதில் பழசான ஒரு துண்டை அளவாக வெட்டிக் கொண்டுவந்தாள். நான் தயங்கியதைப் பார்த்து, "போனோலோ அம்மா, இது மேல நின்னு எத்தனை பேர் அழுதிருக்காங்க, என்ன ஆச்சு இதுக்கு? ஒரு பல்லி நின்னா கெட்டுப் போயிடுமா?" என்றாள். போட்டேன். பார்க்கப் பசேல் என்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தொட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "எப்ப ஆச்சும்மா?" என்று கேட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பாயின் நூல் வளையத்தில் கோசியின் விரல் நகம் மாட்டிக்கொண்டது. அவர் இழுக்க, நூல் இறுக, விரல் வீங்க, போனோலோவின் நகவெட்டியால் நூலை ஒவ்வொன்றாக நறுக்கி விடுவிப்பதற்குள் என் உயிர் போய் வந்தது. நாத்தனாரிடம் சொன்னால், "எங்க ஆளுங்க யாரும் இப்படி மாட்டிக்கிட்டதே இல்லையே" என்றாள்.

பிறகு சமையலறைக் காகிதம் போட்டுப் பார்த்தேன். சுத்தம், சுலபம், யாருக்கும் கெடுதல் இல்லை. போனோலோவுக்குத்தான் பிடிக்கவில்லை. "கோசியைப் போய் மக்விண்யா மாதிரி எண்ணெய் உறிஞ்சுற பேப்பர்ல வெச்சிருக்கியே" என்று அழுதாள். எண்ணெயில் பொரித்த மாவுருண்டையும் ஊர்த்தலைவரும் ஒன்றா என்பது அவள் வாதம். காகிதத்தையும் எடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நீ சிரிக்கக்கூடாது. இந்தப் பல்லியின் சொந்த நாட்டில் தரை என்பது உதிரி மணல் இல்லை, இறுகிக் கெட்டிப்பட்ட களிமண் என்று படித்திருந்தேன். இறுகின மண் தரையைப் பற்றி நமக்கு இன்னொருவர் வந்து சொல்ல வேண்டுமா? புதுச் சாணி கொண்டுவரச் செய்து, களிமண்ணோடு பிசைந்து, தொட்டிக்குள் கையை விட்டு மெழுகி, முற்றத்தில் போடுவது போலவே விரலால் அலையலையாகக் கோடும் போட்டேன். அண்ணா, அவ்வளவு அழகாக இருந்தது. முற்றத்துக்கு வெயிலும் காற்றும் உண்டு, கண்ணாடித் தொட்டிக்கு அடியில் மின்சாரச் சூட்டுப் பாய் மட்டும்தான் உண்டு என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. சாணி காயாமல் வெந்தது. சுரங்கத்தில் வேலை முடிந்து வந்த மொடிசே வாசலிலேயே நின்று, "மாட்டை வீட்டுக்குள்ள யாரு கட்டினது?" என்று கேட்டார். பிறகு அதில் வெள்ளையாகப் பூஞ்சை மீசை முளைத்தது. நான் அதைச் சுரண்டி எடுக்கும் வரை கோசி மொடிசேயின் சாப்பாட்டு டப்பாவில் தங்கியிருந்தார். மொடிசேக்கு அன்று ரொட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அதோடு நான் யாரையும் கேட்பதை நிறுத்திவிட்டேன். மொடிசே கட்டப்போகும் குளியலறை உனக்குத் தெரியும். அதற்கென்று வாங்கிய கல் ஓடுகள் நாங்கள் கல்யாணம் பண்ணிய காலத்திலிருந்து பின்வாசலில் சுவரோரம் காத்திருக்கின்றன. அவர் வேலைக்குப் போனதும் சொரசொரப்பான கறுப்பு ஓடாகப் பார்த்து எடுத்து, தொட்டியை அளந்து, அவருடைய வெட்டு மிஷினை நானே பிடித்து அறுத்தேன். முகமெல்லாம் தூசி, பல்லெல்லாம் தூசி, போனோலோ என்னைப் பார்த்து அப்பாவா என்று கேட்டாள். ஆனால் ஓடு போய் உட்கார்ந்தது பார், பூச்சி ஒளிய ஓரத்தில் இடுக்குக்கூட இல்லை. ஓடு சூட்டைப் பிடித்து வைக்கிறது, ஈரத்துணியால் துடைத்தால் போதும், நகம் தானே தேய்கிறது, வாயில் வர எதுவுமில்லை. மொடிசே வந்து குனிந்து ஓட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லிக்கு ஆகிப்போச்சு. எனக்கு எப்ப ஆகுமோ" என்று மட்டும் சொன்னார்.

இத்தனைக்கும் பிறகுதான் கோசி சாப்பாட்டை நிறுத்தினார். பூச்சி மூக்கின் மேல் ஏறி நடந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளிக்கும் போகவில்லை. ஓட்டின் மூலையைப் போய்ப் போய்ச் சுரண்டுகிறார், களைத்துப் படுக்கிறார், மறுபடி சுரண்டுகிறார். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகிறது. டாக்டர் லெரூவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாட்டு டாக்டர்தான், இங்கே வேறு யார் இருக்கிறார்கள். சட்டைக் கையைத் தோள் வரை மடித்துக்கொண்டு வந்தவர், டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "கன்னுக்குட்டி உள்ள திரும்பிக் கெடந்தா தோள் வரைக்கும் கைய விட்டு இழுத்துடுவேன்மா. இதுல எதை விடறது?" என்றார். பிறகு சுண்டுவிரலால் வயிற்றைத் தடவி, "ரெண்டு பக்கமும் கட்டியா நிக்குது. மணல் ஏதாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டார். போட்டோம் என்றேன். என்ன மணல் என்றார். நீலம் என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையை நான் உனக்கு அப்படியே அனுப்பிவைக்க முடிந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. மணல் உள்ளே இறுகியிருக்கலாம், எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டுமானால் கிம்பர்லிதான் போக வேண்டும், அதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து வாயில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள் என்றார்.

உட்காரவைக்கிறேன் அண்ணா. காலையும் மாலையும் களிக்கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, முழங்கையால் சூடு பார்த்து, போனோலோவைக் குளிப்பாட்டினது போலவே குளிப்பாட்டுகிறேன். இன்றைக்கும் ஒன்றும் வரவில்லை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போனோலோ, "கோசி செத்துட்டா மாமாகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கிறேன்டி என்றேன். கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். "வேணாம்மா. நீ சாகாம பாத்துக்கோ" என்றாள்.

அதனால் சொல்கிறேன், இந்தப் பல்லி என் வீட்டில் சாகாது. இனிமேல் மணல் என் வாசற்படி தாண்டாது. போனோலோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பை வேலியிலேயே உதறுகிறாள், மொடிசே கேட்டுக்கு வெளியே பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்து வருகிறார், போன ஞாயிறு பிரார்த்தனைக்கு வந்த பெண்களை வாசலில் நிறுத்திப் பாவாடை ஓரத்தை உதறச் சொன்னேன். அவர்களுக்குக் கோபம்தான், இருக்கட்டும். நீ நீலம், சிவப்பு, வால்நட், தேங்காய் நார் என்று எந்தப் பையையும் இனி அனுப்பக்கூடாது. அனுப்பினால் அதே டாக்சியில் திருப்பி உன் வீட்டு வரவேற்பறையில் கொட்டச் சொல்வேன். யாராவது உன்னிடம், பாலைவனத்துப் பிராணிக்கு மணல்தானே வேண்டும் என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடு. நீயே அப்படி நினைத்தால் அதை அண்ணியிடம் சொல்லிக்கொள், என்னிடம் சொல்லாதே. கல் ஓடு ஒன்றே தரை. நாளைக்கும் ஒன்றும் வரவில்லையானால் கோசியை மடியில் வைத்துக்கொண்டு நானே கிம்பர்லி போகிறேன். மொடிசே வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருக்கும் திசையில் நல்ல மழை பெய்யட்டும், உங்கள் கூரை ஒழுகாமல் இருக்கட்டும், நம் மாடுகள் கொழுக்கட்டும். உனக்குப் பொறுமையையும், பை வாங்கப் போகும்போது புத்தியையும் கடவுள் தரட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை,
போனோலோவின் அம்மா கெடிபோனே

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, வெயில் ஏறிவிட்டது. டாக்சியில் இன்னும் ஆள் நிரம்பவில்லையாம், அதனால் ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுத நேரம் கிடைத்தது. விடிந்ததும் போனோலோ ஓடிவந்து, "அம்மா, கோசி வெளிக்குப் போயிட்டார். ஆனா வெள்ளையா, நீட்டா இருக்கு" என்று எழுப்பினாள். போய்ப் பார்த்தேன். ஓட்டின் மேல் முட்டை கிடந்தது அண்ணா. இரவெல்லாம் காய்ந்து ஒரு பக்கம் சுருங்கிப்போயிருந்தது. டாக்டர் லெரூவுக்கு ஃபோன் போட்டேன். முட்டை என்றதும், "மாடா இருந்தா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னே சினைன்னு சொல்லியிருப்பேன்மா" என்றார். மொடிசேயும் அதையேதான் சொன்னார், அவர்கள் வம்சமே மாட்டின் நடையைப் பார்த்து மாதம் சொல்கிற வம்சமாம். கட்டி இரண்டு இருந்ததால் இன்னொரு முட்டை உள்ளே இருக்கிறது, தோண்டிப் புதைக்க இடம் கிடைக்காததால்தான் மூலையைச் சுரண்டியிருக்கிறாள், அடக்கிக்கொண்டே இருந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே ஒரு டப்பாவில் ஈர மணல் வையுங்கள் என்றார் டாக்டர். மணல். நான் வெறுங்காலோடு கொல்லைக்கு ஓடினேன். இரண்டு கையாலும் வாரி வந்து, எறும்புக்குப் பயந்து களி கிண்டும் சட்டியில் போட்டு வறுத்து, ஆறவைத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மொடிசேயின் சாப்பாட்டு டப்பாவில் நிரப்பி வைத்தேன். கோசி உள்ளே இறங்கித் தலை முதல் வால் வரை மறைந்துபோனாள். நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மொடிசே வேலைக்குப் போகவில்லை. வெகுநேரம் கழித்து கோசி இன்னொரு முட்டையை உள்ளே புதைத்துவிட்டு, மணலை உதறிக்கொண்டு மெலிந்துபோய் வெளியே வந்து, போனோலோ நீட்டின புழுவை விரலோடு சேர்த்துக் கவ்வினாள். போனோலோ அழவில்லை. ஓடு தரையாகவே இருக்கும், அதில் மாற்றமில்லை. மூலையில் மணல் டப்பாவும் இருக்கும். மேலே எழுதியிருப்பதில் நீ எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று எனக்கே தெரியவில்லை, திருப்பி எழுதப் பொறுமையும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒனாலென்னா வந்து பார்த்துவிட்டு முதல் வேலையாக, "அப்பன் யாரு?" என்று கேட்டாள். ஆண் துணை இல்லாமலும் முட்டை வருமாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எல்லாப் பொண்ணுங்களும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்கிறாள். நம் வழக்கம் உனக்குத் தெரியும். இந்த மாதிரி விவகாரத்தில் பையன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து நியாயம் கேட்க வேண்டியது தாய்மாமன். ஆகையால் நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, துணைக்கு இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, நீ அவளை வாங்கின கடைக்குப் போ. அங்கே அவளோடு ஒரே தொட்டியில் இருந்தவன் யார் என்று விசாரி. அபராதமாக மாடு கேட்காதே, இங்கே கட்ட இடமில்லை. பூச்சியாகக் கேள்.